பாதி வழியில் மட்டும் இருந்த ஈக்வலைசர்: ஒரு லினக்ஸ் வீட்டு ஸ்டூடியோவின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருச்சியில் ஒரு வீட்டின் மாடி அறை. பத்துக்குப் பன்னிரண்டு அடி, செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம், உயரம் ஒன்பதரை அடி. ஒரு பக்கம் பீரோவும் கட்டிலும், இன்னொரு பக்கம் ஜன்னலோர மூலையில் ஒரு மேசை. நண்பரின் ஸ்டூடியோ அந்த மேசைதான். பகலில் வேறு வேலை பார்க்கிறார். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் சின்னக் கச்சேரிகள், அரங்கேற்றங்கள், பக்திப் பாடல்கள் ஆகியவற்றைப் பதிவு செய்து மிக்ஸ் செய்து தருகிறார்.

அவரிடம் இருப்பது ஐந்து அங்குல மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, இரண்டு உள்ளீடும் இரண்டு வெளியீடும் கொண்ட யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன் ஒன்று. கம்ப்யூட்டரில் ஒலி, காட்சி வேலைக்கென வருகிற லினக்ஸ் பதிப்பான உபுண்டு ஸ்டூடியோ 24.04. மிக்ஸிங் எல்லாம் ஆர்டோர் என்ற மென்பொருளில் நடக்கிறது. நான் ஒலிப்பதிவுக்காரன் இல்லை. லினக்ஸ் பக்கம் ஏதாவது சிக்கினால் என்னைக் கூப்பிடுவார், அவ்வளவுதான். இதை எழுதுவதற்கு அவர் சம்மதம் வாங்கியிருக்கிறேன்.

புகார்

ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனப் பதிவை மிக்ஸ் செய்து அனுப்பியிருந்தார். மறுநாள் காலை வித்வானிடமிருந்து போன். "தம்பி, தொப்பி எங்க போச்சு? வலந்தலை மட்டும்தான் கேக்குது."

மிருதங்கக்காரருக்கு இதைவிடப் பெரிய குறை எது? தொப்பி இடப்பக்கம், வலந்தலை வலப்பக்கம். இடக்கையின் தாழ்ந்த ஒலியான கும்காரம் கேட்காத மிருதங்கத்தில் பாதி வாத்தியம்தான் இருக்கிறது. நண்பருக்கோ இது புரியவே இல்லை. அவர் அறையில் தொப்பி நன்றாகக் கேட்டது. சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது என்றுதான் மிக்ஸில் குறைத்திருந்தார். காரில் போட்டுக் கேட்டபோதுதான் வித்வான் சொன்னது சரி என்று தெரிந்தது.

இந்த இடம்வரை கதை பழையதுதான். அறை பேஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, கூட்டிக் காட்டுகிறது, அதை நம்பி மிக்ஸில் பேஸைக் குறைக்கிறோம், வெளியே போனதும் பாட்டு மெலிந்து நிற்கிறது. சின்ன கான்கிரீட் அறையில் மிக்ஸ் செய்கிற எல்லாருக்கும் தெரிந்த வியாதி இது.

முதல் முயற்சியும் அது மோசமாக்கிய விதமும்

மென்பொருள் வழியாகவே அறையைச் சரிக்கட்டலாம் என்று நண்பர் முடிவு செய்தார். கம்ப்யூட்டரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற எல்லா ஒலியும், தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி என்று தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற ஒரு ஈக்வலைசரின் வழியாகப் போக வேண்டும். யூடியூபில் கேட்கிற பாட்டும் ஆர்டோரில் ஓடுகிற மிக்ஸும் ஒரே திருத்தத்தோடு கேட்க வேண்டும். நோக்கம் சரியானதுதான்.

ஈஸிஎஃபெக்ட்ஸ் என்ற மென்பொருளை நிறுவினார். லினக்ஸில் இந்த வேலைக்கு முதலில் எல்லாரும் கை வைப்பது அதில்தான். காதால் கேட்டு, 60 ஹெர்ட்ஸ் பக்கம் 6 டெசிபல் குறைத்தார். பிடித்த மிருதங்க ஆல்பங்களை பிரவுசரில் ஓடவிட்டால் அறை திடீரென்று சுத்தமானது போல இருந்தது. "இத்தனை வருஷம் இது இல்லாமலா இருந்தேன்" என்று போனில் சொன்னார்.

அந்த ஆல்பங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, மிக்ஸை மறுபடியும் செய்து அனுப்பினார். இந்த முறை வித்வான் போன் செய்யவில்லை. நேரில் வந்துவிட்டார். தொப்பி முன்பைவிடக் குறைந்திருந்தது. இரண்டு மிக்ஸையும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் போட்டுப் பார்த்தோம். 60 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இரண்டாவது மிக்ஸ் முதல் மிக்ஸைவிட 5, 6 டெசிபல் கீழே கிடந்தது. ஈக்வலைசரில் அவர் குறைத்த அளவும் ஏறக்குறைய அதேதான்.

இரண்டு எண்களும் ஒத்துப்போனதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

கண்டுபிடித்தது

நண்பரை ஆர்டோரில் அந்தப் பாட்டை ஓடவிடச் சொன்னேன். பாட்டு ஓடும்போதே ஈஸிஎஃபெக்ட்ஸில் ஈக்வலைசரை நிறுத்தினேன். எந்த மாற்றமும் இல்லை. போட்டேன், நிறுத்தினேன், மறுபடியும் போட்டேன். ஒன்றுமில்லை. ஆர்டோரை நிறுத்திவிட்டு பிரவுசரில் ஒரு பாட்டைப் போட்டு அதே பொத்தானை அழுத்தினேன். பேஸ் விழுந்தது, எழுந்தது. நண்பர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அப்புறம் க்யூபிடபிள்யூகிராஃப் என்ற கருவியைத் திறந்தோம். எந்த மென்பொருளின் ஒலி எந்தப் பெட்டிக்குப் போகிறது என்பதை ஒயர் ஒயராக வரைந்து காட்டுவது அது. பிரவுசரிலிருந்து கிளம்பிய ஒயர் ஈஸிஎஃபெக்ட்ஸின் பெட்டிக்குள் போய், அங்கிருந்து இன்டர்ஃபேஸுக்கு வந்தது. ஆர்டோரின் மாஸ்டரிலிருந்து (மிக்ஸ் முழுதும் சேர்ந்து வெளியேறும் இடம்) கிளம்பிய இரண்டு ஒயர்களோ நேராக இன்டர்ஃபேஸில் போய்ச் செருகியிருந்தன. ஈக்வலைசரின் பக்கமே அவை போகவில்லை.

இதன் காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். லினக்ஸில் நீண்ட காலம் ஒலிக்கு இரண்டு உலகங்கள் இருந்தன. பிரவுசர், வீடியோ பிளேயர் போன்ற அன்றாட மென்பொருள்களுக்கு பல்ஸ்ஆடியோ. ஸ்டூடியோ வேலைக்கு ஜாக். விம் தய்மன்ஸ் உருவாக்கிய பைப்வயர் இந்த இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. 2021இல் ஃபெடோரா 34 அதை இயல்பான ஒலி அமைப்பாக ஏற்றது. 2023 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்தது. உபுண்டு ஸ்டூடியோ 24.04இலும் எல்லா ஒலியும் பைப்வயர் வழியாகத்தான் ஓடுகிறது.

கூரை ஒன்றானாலும் பழக்கங்கள் இரண்டாகவே இருக்கின்றன. பல்ஸ்ஆடியோ பாணி மென்பொருள் "என் ஒலியை எங்காவது அனுப்பு" என்று கேட்கும். இடத்தைத் தீர்மானிப்பது அமைப்பு. ஈஸிஎஃபெக்ட்ஸ் அந்த ஒலியோட்டங்களைத்தான் பிடித்துத் தன் பக்கம் திருப்புகிறது. ஜாக் பாணி மென்பொருள் அப்படிக் கேட்பதில்லை. இந்தத் துளையிலிருந்து அந்தத் துளைக்கு என்று தன் இணைப்பைத் தானே வைத்துக்கொள்ளும். ஆர்டோர் ஒவ்வொரு செஷனிலும் (ஒரு வேலைக்கான கோப்பிலும்) அந்த இணைப்புகளைச் சேமித்தும் வைக்கிறது. அதனால் அது ஈக்வலைசரின் கைக்குச் சிக்கவே இல்லை.

நண்பர் ஒப்பிட்டது என்னவென்று இப்போது பாருங்கள். மேற்கோளாக வைத்த ஆல்பம் 6 டெசிபல் பேஸ் குறைந்து காதுக்கு வந்தது. அவருடைய மிக்ஸ் குறையாமல் வந்தது. இரண்டும் ஒன்றுபோலக் கேட்க வேண்டுமென்றால் மிக்ஸில் இன்னும் 6 டெசிபல் வெட்டத்தான் வேண்டும். அவர் காது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. ஒலி வந்த வழிதான் இரண்டாக இருந்தது.

அளந்து பார்த்தது

அடுத்த திருத்தத்தைக் காதை மட்டும் நம்பிச் செய்யக் கூடாது என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். தெரிந்தவர் ஒருவரிடமிருந்து யுமிக்-1 என்ற அளவு மைக்கை இரவல் வாங்கி, லினக்ஸிலும் ஓடுகிற ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் அறையை அளந்தோம்.

நண்பர் உட்காரும் இடத்தில் 58 ஹெர்ட்ஸ் அருகே சுற்றுப்புறத்தைவிட 11 டெசிபல் உயர்ந்த ஒரு மேடு. 95 ஹெர்ட்ஸ் அருகே இன்னொன்று, இதைவிடச் சிறியது. 116 ஹெர்ட்ஸ் பக்கம் ஆழமான ஒரு பள்ளம்.

டேப் எடுத்து அறையை அளந்ததும் இவை எல்லாவற்றுக்கும் கணக்கு கிடைத்தது. நம் ஊரின் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடுகிறது. அதை எதிரெதிர்ச் சுவர்களின் இடைவெளியைப் போல் இரண்டு மடங்கால் வகுத்தால், அறை தானாக முழங்குகிற அதிர்வெண் வரும். பத்தடி அகலம் 3.05 மீட்டர், அதற்கு 57 ஹெர்ட்ஸ். ஒன்பதரை அடி உயரம் 2.9 மீட்டர், அதற்கு 60 ஹெர்ட்ஸ். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழுகின்றன. அகலமும் உயரமும் இப்படி ஒட்டி வருகிற அறை நம் வீடுகளில் மிகச் சாதாரணம். பன்னிரண்டு அடி நீளத்துக்கு 48 ஹெர்ட்ஸ், அதன் இரட்டை 95. பள்ளத்துக்குக் காரணம் வேறு. ஸ்பீக்கரின் முகம் பின்சுவரிலிருந்து 75 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. சுவரில் பட்டுத் திரும்பி வருகிற ஒலி 116 ஹெர்ட்ஸில் நேர் ஒலிக்கு எதிர்க் கட்டத்தில் வந்து சேர்ந்து அதை அழித்துவிடுகிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு மேசையைப் பற்றியது. மூலையில் உட்கார்ந்தால் அகலவாக்கிலான முழக்கம் காதில் முழுதாக விழும். சுவரின் நடுவே உட்கார்ந்தால் குறையும். பீரோவை மூலைக்கும் மேசையை நடுவுக்கும் மாற்ற ஒரு ஞாயிறு முழுவதும் ஆனது. வீட்டில் அனைவரும் கைகொடுத்தார்கள். கதவு இடித்ததால் சரியான நடுவுக்குப் போக முடியவில்லை, ஓரடி விலகித்தான் நின்றது. அப்படியும் 58 ஹெர்ட்ஸ் மேடு 11 டெசிபலிலிருந்து 6 டெசிபலுக்கு இறங்கியது. ஈக்வலைசரை இன்னும் தொடவே இல்லை.

இரண்டாவது முடிவு, மேடுகளை மட்டும் வெட்டுவது, பள்ளங்களை விட்டுவிடுவது. 116 ஹெர்ட்ஸை ஏற்றிவிடலாம் என்று நண்பருக்கு ஆசை இருந்தது. ஆனால் அங்கே ஒலி குறையவில்லை, இரண்டு ஒலிகள் ஒன்றையொன்று அழிக்கின்றன. ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே ஏறும், அழிவு அப்படியே இருக்கும். 6 டெசிபல் ஏற்றுவதற்கு நான்கு மடங்கு மின்திறன் வேண்டும். அந்தச் சுமை ஐந்து அங்குல ஸ்பீக்கரின் தலையில்தான் விழும். 300 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் கை வைக்கவில்லை. அங்கே தலையைச் சற்று அசைத்தாலே அளவு மாறிவிடுகிறது.

மூன்றாவது, ஈக்வலைசரை எங்கே வைப்பது என்ற கேள்வி. ஆர்டோரின் மாஸ்டரில் பிளகினாகப் போட்டால் ஏற்றுமதியின்போது அணைக்க மறந்துவிடும் ஆபத்து உண்டு. ஒரு நாள் மறந்தாலும் அறைக்கான திருத்தம் பாட்டுக்குள் பதிந்துவிடும். ஆர்டோரில் கேட்பதற்கு மட்டுமான மானிட்டர் பகுதியில் போட்டால் அந்த ஆபத்து இல்லை, ஆனால் பிரவுசருக்கு அது பொருந்தாது. ஈஸிஎஃபெக்ட்ஸை வைத்துக்கொண்டு ஆர்டோரின் ஒயர்களைக் கையால் அதற்குள் திருப்புவதும் வேலை செய்யும். அதில் தவறில்லை. எங்களைத் தடுத்தது ஹெட்ஃபோன்.

நண்பரின் இன்டர்ஃபேஸில் ஹெட்ஃபோனுக்கும் ஸ்பீக்கருக்கும் ஒரே வெளியீடுதான். ஹெட்ஃபோனைச் செருகியது கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. சாதனம் மாறினால் தானாக வேறு திருத்தத்தை ஏற்றும் வசதி ஈஸிஎஃபெக்ட்ஸில் இருக்கிறது. சாதனம் மாறினதாகவே தெரியாதபோது அந்த வசதியால் என்ன பயன்? அறைக்காக வெட்டிய பேஸ் ஹெட்ஃபோனிலும் வெட்டுப்பட்டே வரும்.

ஆகவே பைப்வயரிலேயே இருக்கிற, ஒலியை வழியில் திருத்தி அனுப்புகிற ஃபில்டர்-செயின் வசதியைக் கொண்டு இரண்டு மெய்நிகர் வெளியீடுகளை உருவாக்கினோம். பைப்வயரோடு வருகிற ஆறு பட்டை ஈக்வலைசரின் மாதிரிக் கோப்பை நண்பரின் சொந்த அமைப்புக் கோப்புறைக்கு நகலெடுத்து எண்களை மாற்றினோம். முதலாவதன் பெயர் "அறை": 58 ஹெர்ட்ஸில் 5 டெசிபல் குறைவு, கியூ மதிப்பு (வெட்டு எவ்வளவு குறுகலானது என்பது) 4, 95 ஹெர்ட்ஸில் 4 டெசிபல் குறைவு, கியூ 5. அவ்வளவுதான். மற்றப் பட்டைகளை நீக்கிவிட்டோம். இரண்டாவதன் பெயர் "ஹெட்ஃபோன்". அதில் சில இடங்களில் 4 டெசிபல் வரை ஏற்ற வேண்டியிருந்ததால் முழு ஒலியையும் முன்கூட்டியே 5 டெசிபல் இறக்கினோம். அப்படி இறக்காவிட்டால் உச்சங்கள் முட்டிக் கரகரக்கும். இரண்டும் ஒரே இன்டர்ஃபேஸுக்குத்தான் போகின்றன. எந்த வழி என்பதை நண்பரே தேர்ந்தெடுக்கிறார்.

பெயர்களைத் தமிழில் வைத்தது அவர் யோசனை. ஒலி மெனுவில் "அறை" என்று பார்த்ததும் எந்தக் குழப்பமும் வருவதில்லை.

நான்காவது முடிவு, பதிவு செய்யும்போது ஈக்வலைசர் எதுவும் வழியில் நிற்கக் கூடாது என்பது. க்யூபிடபிள்யூகிராஃபில் இரண்டு ஒயர்ப் படங்களைச் சேமித்தோம். "பதிவு" படத்தில் ஆர்டோர் நேராக இன்டர்ஃபேஸுக்குப் போகும். "மிக்ஸ்" படத்தில் "அறை" வழியாகப் போகும்.

சரிபார்த்த விதம்

எல்லா அதிர்வெண்களும் கலந்த சோதனை இரைச்சலான ஒரே பிங்க் நாய்ஸ் கோப்பை முதலில் வீடியோ பிளேயரிலும் அப்புறம் ஆர்டோரிலும் ஓடவிட்டு, மைக்கை அசைக்காமல் இரண்டையும் அளந்தோம். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. ஒரு இடம் தவிர: ஆர்டோரின் மெட்ரோனோமுக்குத் தனி வெளியீடு இருக்கிறது, அது மட்டும் இன்னும் நேராக இன்டர்ஃபேஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. டிக் டிக் ஒலிக்கு அது பெரிய விஷயமில்லை, இருந்தாலும் அந்த ஒயரையும் திருப்பினோம்.

பழைய செஷன்கள் ஒவ்வொன்றும் தன் பழைய இணைப்போடுதான் திறக்கின்றன. நடப்பில் இருந்த ஏழு செஷன்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, இணைப்பை மாற்றிச் சேமித்தோம். ஆர்டோரைத் தொடங்கும்போது ஜாக் என்பதற்குப் பதிலாக லினக்ஸின் அடித்தள ஒலி அமைப்பான அல்சாவைத் தேர்ந்தெடுத்தால் அது இன்டர்ஃபேஸை நேரடியாகத் தன் கையில் எடுத்துக்கொள்ளும் என்பதையும் நண்பரிடம் சொல்லி வைத்தேன். அந்த ஒரு தேர்வு மாறினால் இந்த ஏற்பாடு முழுவதும் ஓரங்கட்டப்பட்டுவிடும்.

பின்னர் நடந்தவை

மூன்றாவது மிக்ஸ் ஒரே மாலையில் முடிந்தது. வித்வான் முதலில் காரிலும் அப்புறம் வீட்டிலும் கேட்டுவிட்டு, "இப்ப ரெண்டு கையும் இருக்கு" என்றார். அதன் பிறகு வேறு இரண்டு வேலைகளிலும் பேஸ் பற்றி யாரும் திருப்பிச் சொல்லவில்லை.

வழியில் இரண்டு சறுக்கல்கள். முதலாவது, ஒரு வாடிக்கையாளருக்கு மிக்ஸை விளக்கி ஓபிஎஸ் என்ற மென்பொருளில் திரைப்பதிவு ஒன்று எடுத்தார். அதில் பேஸ் குறைந்து பதிவாகியிருந்தது. ஓபிஎஸ் இன்டர்ஃபேஸின் மானிட்டரிலிருந்து, அதாவது அதற்குப் போகிற ஒலியின் நகலிலிருந்து, ஒலியை எடுத்திருந்தது, அது ஈக்வலைசருக்குப் பிந்தைய இடம். "அறை"யின் மானிட்டரைத் தேர்ந்தெடுத்தால் திருத்தத்துக்கு முந்தைய ஒலி கிடைக்கும். மாற்றியதும் சரியானது.

இரண்டாவது சறுக்கலை நான் இலகுவாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நண்பர் ஹெட்ஃபோன் எண்களைத் தானே திருத்தும்போது ஒரு மூடும் அடைப்புக்குறியை விட்டுவிட்டார். மறுநாள் ஃபில்டர்-செயின் எழவே இல்லை, இரண்டு மெய்நிகர் வெளியீடுகளும் மறைந்தன. அமைப்பு பேசாமல் இன்டர்ஃபேஸையே இயல்பான வெளியீடாக எடுத்துக்கொண்டது. ஒலி வழக்கம்போல வந்ததால் அரை நாள் திருத்தமே இல்லாமல் வேலை செய்திருக்கிறார். எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை. ஒலி நின்றிருந்தால் உடனே தெரிந்திருக்கும், நிற்காததுதான் கெடுத்தது.

இப்போது கம்ப்யூட்டரைத் திறந்ததும் 58 ஹெர்ட்ஸில் ஒரு நீண்ட ஒலியை ஓடவிட்டு, "அறை"க்கும் இன்டர்ஃபேஸுக்கும் மாற்றி மாற்றிக் கேட்கிறார். வித்தியாசம் கேட்டால்தான் செஷனைத் திறக்கிறார்.

மறுபடியும் செய்தால்

மேசையை நகர்த்துவதை முதல் நாளே செய்திருப்போம். செலவில்லாமல் 5 டெசிபல் தந்த வேலையைப் பின்னுக்குத் தள்ளியது எங்கள் அவசரம். ஈஸிஎஃபெக்ட்ஸை நிறுவிய அன்றே ஒயர்ப் படத்தைத் திறந்து பார்த்திருந்தால் இரண்டாவது மிக்ஸும் வித்வானின் அந்தப் பயணமும் தேவைப்பட்டிருக்காது. இதில் நண்பர்மேல் எனக்குக் குறை இல்லை. போனில் அவர் மகிழ்ந்து சொன்னபோது, "ஆர்டோரும் அதன் வழியாகத்தான் போகிறதா?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

அளவு மைக்கை இரவல் வாங்குவதற்குப் பதிலாகச் சொந்தமாக வாங்கியிருக்கலாம். மேசை, பீரோ, கட்டில் என்று எதை நகர்த்தினாலும் "அறை"யின் எண்கள் பழசாகிவிடும், மறுபடியும் அளக்க வேண்டும்.

116 ஹெர்ட்ஸ் பள்ளம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஸ்பீக்கரைச் சுவரோடு நெருக்கி, முகம் 25 சென்டிமீட்டரில் நின்றால், கணக்குப்படி அது 350 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறிவிடும். அங்கே ஒலியை உறிஞ்சுகிற நாலு அங்குல ராக்வூல் பலகையால் அதை ஓரளவு அடக்கலாம். அதற்கு மேசைக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் கட்டையை உடைக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் நண்பர் கேட்டிருக்கிறார், பதில் இன்னும் வரவில்லை.